மாமா எனக்கு வக்கீல்

போன வாரம் அருப்புக்கோட்டை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வயலுக்குப் போகிற பாதைத் தகராறு, சின்ன வழக்குதான். குமாஸ்தா ஒரு தாளை நீட்டி, "வக்காலத்துல கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. வாவ், காஃப், லாம் என்று மூன்று அரபி எழுத்து, ஒப்படைப்பது என்று பொருள், ஒப்படைக்கப்பட்டவர் வக்கீல், ஒப்படைக்கிற சீட்டு வக்காலத்து, எல்லாவற்றையும் ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிடுவது தவக்குல் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேனா இருக்காம்மா?" என்றார்.

வாசலில் ஒருவர் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். கரிப்புகை மூக்கில் ஏறியதும் என் முதல் நிக்காஹ் நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அதில்தான் திருச்சுழிக்கு வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். எனக்குப் பதினேழு வயது. அத்தா இறந்து இரண்டு வருடம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை.

பூ வைத்துவிட வந்தவள் காதோரம் கேட்டாள்: "கொழும்புல அவுகளுக்கு இன்னொரு குடும்பம் இருக்காம்ல?"

அம்மாவைப் பார்த்தேன். "வாய மூடு. தவக்குல் வையி, அல்லா பாத்துக்குவான்" என்றார். அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பது முகத்தில் இருந்தது. தகப்பன் இல்லாத பெண்ணை வேறு யார் கேட்டு வருவார்கள் என்ற பயம். இன்று புரிகிறது. அன்று கோபம்தான் வந்தது.

எங்களில் பெண் சபைக்கு வரமாட்டாள். அவள் சார்பில் ஒருவர், இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வெளியே நின்று சம்மதம் கேட்டு, சபையில் போய்ச் சொல்வார். அவருக்கும் வக்கீல் என்றுதான் பெயர். எனக்குத் தாய்மாமா வக்கீல். படிப்பு வாசனையில்லை, பருத்தி வியாபாரி.

"ஒன்ன இன்னாருக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா தாயி?" என்று கேட்டார். பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அவுகளுக்குக் கொழும்புல குடும்பம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க மாமா."

சாட்சிகளில் ஒருவர், "பொம்பளப்புள்ள பேச்சக் கேட்டு, சபையில போயி..." என்று இழுத்தார்.

"நான் அவளுக்கு வக்கீலு. அவ கேக்கச் சொன்னதக் கேக்கணும்ல?" என்றார் மாமா.

அவர் போகிற காலடிச் சத்தம் கேட்டது. பூ வைக்க வந்தவள் திரையோரம் போய்க் காதை வைத்தாள்.

"இருக்குதாம் தாயி" என்றார் திரும்பி வந்து. "ஒரு புள்ளையும் இருக்குதாம். மறைக்காமச் சொல்லிட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"வேணாம்னு சொல்லிருங்க."

வெளியே ஒரே கூச்சல். அதற்கு நடுவில் மாமாவின் குரல்: "சோறு ஆக்கியாச்சு, பசியோட போகாதீக." பாதிப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த பஸ் சாயங்காலம்தானே. அழுதுகொண்டிருந்த நானும் பசி பொறுக்காமல் நெய்ச்சோறு தின்றேன்.

அதன்பிறகு, 'பொம்பளைக்கு வக்காலத்து வாங்குனவரு' என்று ஊரில் மாமாவைக் கேலி பேசினார்கள். வியாபாரத்தில் கூட்டாளியாக இருந்தவர் விலகிக்கொண்டார். மாமா ஒருநாளும் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை.

மூன்று வருடம் கழித்து, அருப்புக்கோட்டைப் பஞ்சாலையில் மிஷின் ஓட்டியவர் பெண் கேட்டு வந்தார். மறுபடியும் மாமாதான் வக்கீல். "இந்தத் தடவ என்ன கேக்கணும் தாயி?" என்றதும் திரைக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அம்மாவும்தான். "ஒண்ணுமில்ல மாமா, சம்மதம்" என்றேன், சபைவரை கேட்கும்படி. நாற்பது வருடம் நன்றாகவே வாழ்ந்தோம்.

மாமா போய் நாளாகிவிட்டது. போன மாதம் தம்பி பேத்திக்கு நிக்காஹ். வக்கீலாக வந்தவர் மைக்கில் கேள்வியைக் கேட்டார், அவள் வாய் திறப்பதற்குள் திரும்பி நடந்தார்.

"புள்ள இன்னும் பதில் சொல்லலையே?" என்றேன்.

"ஒரு மணிக்கு மண்டபத்தக் காலி பண்ணணும்மா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.