சாரலில் மட்டும் நிற்கும் கார்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்ற தகராறு எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று காலை தென்காசிக் கோயில் வாசலில் ஒரு புது டாக்ஸிக்குப் பூசை போட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் சந்தனம் அப்பினான். பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் உடம்பெல்லாம் ஓர் அலுப்பு வந்தது. ரொம்பப் பழைய அலுப்பு. சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

யுத்தத்துக்கு முன்னால் நான் இதே ஊரில் ஒரு கார் ஷெட்டில் ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்தேன். இலஞ்சியில் வயலும் தோப்பும் உள்ள ஒரு முதலாளி பழைய கார் ஒன்று வைத்திருந்தார். அதன் டிரைவர் சுடலை என் கூட்டாளி. சீசன் வந்தால் முதலாளி வீட்டு விருந்தாளிகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவது அவன் வேலை. அந்தக் கார் போகிற வழியில் நின்றுவிடும். எப்போதும் அல்ல, சில நாள் மட்டும். மாட்டைப் பூட்டி எங்கள் ஷெட்டுக்கு இழுத்து வந்து, முன்னால் மாட்டும் ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஓடுகிற வண்டியில் எந்தக் கோளாறைத் தேடுவது? பிளக்கைத் துடைத்தேன், பாட்டரி ஒயரை மாற்றினேன், சுவிட்சைப் பிரித்து மாட்டினேன். அடுத்த வாரம் மறுபடி நிற்கும்.

முதலாளிக்குச் சந்தேகம் சுடலை மேல்.

“ஏலே, அருவியில குளிக்கணும்னா சொல்லிட்டுப் போயிக் குளிலே. எதுக்குல எங்க சம்பந்தகாரங்கள நடுரோட்டுல எறக்கி விடுத? இன்னொருக்க நின்னுச்சின்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு.”

சுடலைக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது.

விருந்தாளி இல்லாத ஒரு நாளில், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, இருவரும் காரை எடுத்துக்கொண்டு போனோம். நின்றால்தானே கண்டுபிடிக்கலாம். அன்றைக்கென்று அது நிற்கவே இல்லை. ஐந்தருவிப் பாதையில் போவதும் வருவதுமாக இருந்தோம்.

“வே, இன்னைக்கு நிக்காட்டா நாளைக்கு நிக்கும். நாளைக்கு நின்னா எம் பொழப்பும் நின்னுச்சு,” என்றான் சுடலை.

மலையிலிருந்து மேகம் இறங்கிச் சாரல் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் கார் இருமியது, நின்றது.

“நின்னுட்டு வே!” என்று குதித்தான். கார் நின்றதற்குச் சந்தோஷப்பட்ட டிரைவர் அவன் ஒருவன்தான்.

மரங்களுக்கடியில் பகலே மங்கலாக இருந்தது. இஞ்சின் மூடியைத் தூக்கி, அவனை ஹாண்டிலைச் சுற்றச் சொல்லிவிட்டுக் குனிந்தேன். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் கறுப்பு மூடி ஒன்று உண்டு. அதன்மேல் கனமாய்த் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனப் பொட்டு. சாரலில் ஊறிய பட்டை வழியே நீலப் பொறி ஊர்ந்து இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டை காய்ந்திருந்தால் கரண்டு நேராகப் பிளக்குக்குப் போகும்; நனைந்தால் குறுக்குவழியில் ஓடிவிடும். இத்தனை நாளும் ஷெட்டில் அந்தப் பட்டையைக் கும்பிட்டுவிட்டு, அது அழியாதபடி பக்குவமாக மற்றதையெல்லாம் கழற்றியவன் நான்தான்.

“இத யாரு வச்சா?”

“வெள்ளிக்கெழமதோறும் மொதலாளி வைப்பாரு. வண்டிக்கு உசுரு எங்கன இருக்குன்னு கேட்டாரு. நாந்தான் இங்கனன்னு காட்டிக் குடுத்தேன்,” என்று தலையைச் சொறிந்தான்.

துடைத்தோம். ஓடியது.

இலஞ்சியில் முதலாளி பார்த்துவிட்டார். “சாமி பட்டைய அழிச்சவன் எவம்லே?” பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. சுடலைதான் விவரம் சொன்னான். அவர் நம்பவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, முன்னைவிடக் கனமாகப் பூசினார்.

“இப்பச் சுத்துலே, பாப்போம்.”

சுடலை சுற்றினான். கார் கிளம்பவில்லை. அவன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முதலாளி பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை வைத்தார். கரண்டு அடித்துக் கையை உதறிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

“பாத்தியாலே! சாமி உள்ளதாம்லே இருக்கு! இனி எவனாவது இத அழிச்சான், அன்னைக்கோட வேல கெடையாது.”

அழித்தால் வேலை போகும். அழிக்காவிட்டால் கார் நிற்கும், அப்போதும் வேலை போகும். அந்தச் சீசன் முழுக்க, அடுத்த சீசனிலும், ஊர் எல்லை தாண்டியதும் சுடலை இறங்கிப் பட்டையைத் துடைப்பான். திரும்பும்போது அதே இடத்தில் இறங்கி, தண்ணீர் சேர்க்காமல் வறட்டுத் திருநீறாகப் பூசுவான். சீட்டுக்கடியில் திருநீறும் சந்தனமும் ஒரு டப்பாவில் இருக்கும்.

“என்னப்பா, இங்கயும் பூசையா?” என்பார்கள் விருந்தாளிகள்.

“ஆமாய்யா, போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு.”

சில நாள் நானும் கூடப் போவேன். நனைந்த துணியைப் பிழிந்தபடி, “எத்தன வருசம் வே இப்படி?” என்பான்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. முதலாளி காரைக் கொட்டகையில் தள்ளிவிட்டு வில்வண்டிக்கு மாறினார். சுடலை பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தான். ரயிலடியில் என் தோளைத் தட்டி, “போற எடத்துல சாரலே கெடையாதாம் வே,” என்று சிரித்தான்.

அவன் திரும்பி வரவில்லை. காரைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். ஷெட்டும் இப்போது இல்லை. அத்தனை பாடுபட்டு நாங்கள் காப்பாற்றிய வேலையை யாரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை. அதுவாகவே இல்லாமல் போயிற்று.

எழுதி முடித்தது ஆடி மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.