மில்லடி இராசாத்தியின் தொண்டை

மில்லடியில் மில் இல்லாமல் போய் இருபது வருசமாகிறது. ஆனாலும் ஓட்டோக்காரனிடம் "மில்லடிக்கு விடு தம்பி" என்றால்தான் அவனுக்கு வழி தெரியும். நெசவு மில் நின்ற வளவில் இப்போது வாவியைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல் நிற்கிறது. சாயத் தண்ணீர் ஓடிய கானை மூடி, வெள்ளைக்காரர் காலாற நடக்கக் கல் பதித்திருக்கிறார்கள். முன்பு அந்தக் கானை எட்டிப் பார்த்தே இன்றைக்கு மில்லில் சிவப்பா பச்சையா என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். இப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே காவலாளி என்ன வேணும் என்று கேட்கிறான்.

மில் போனாலும் அதன் சத்தம் போகவில்லை. அது இராசாத்தியின் தொண்டைக்குள் குடியேறிவிட்டது. பதினெட்டு வயதில் தறிக்குப் போனவள், சுனாமிக்கு அடுத்த வருசம் மில்லைப் பூட்டும்வரை அங்கேதான் நின்றாள். அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கும் இடத்தில் மெல்லப் பேசி யார் பிழைத்தார்கள்? இன்றைக்கும் பக்கத்தில் இருப்பவரிடம் அவள் பேசுவது வாவிக்கு அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். "சீனி காணுமா?" என்று கேட்டால், சண்டை தொடங்கிவிட்டது என்று ஒழுங்கைக்குப் புதிதாக வந்தவர்கள் யன்னலைச் சாத்துவார்கள். விருந்தாளிகளின் தூக்கம் கெடுகிறது என்று ஹோட்டலிலிருந்து ஒருமுறை ஆள் வந்தது. "உங்கட ஹோட்டலுக்கு முந்தியே என்ட வாய் இஞ்ச வந்திட்டு" என்று அவள் சொன்ன பதில் அந்த விருந்தாளிகளுக்கும் கேட்டிருக்கும்.

கத்தினாலும் எட்டாத தூரத்துக்கு மில்காரிகளிடம் வேறு வழி இருந்தது. எதிர்வரிசையில் நிற்பவளின் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அவசரத்துக்குக் கை. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. மூடிய கையை வயிற்றுப் பக்கம் இழுத்தால் தறியை நிறுத்து. மேற்பார்வையாளர் வந்தால் மூக்குக்குக் கீழே ஒரு தடவல், ஏனென்றால் மனுசன் மீசைக்காரன். இதையெல்லாம் இராசாத்திக்குப் பழக்கியவள் காத்தான்குடிச் சபூரா. தொண்ணூறாம் ஆண்டு கலவரத்தில் பாதை கெட்டபோது சபூரா வேலைக்கு வராமல் நின்றாள், பிறகு வரவேயில்லை. நட்பு மட்டும் அறவில்லை. இப்போதும் காத்தான்குடிக் கடைத்தெருவில் ஒருத்தி இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் நின்று, நடுவில் பஸ் போகப் போக, சத்தமில்லாமல் குடும்பக் கதை முழுவதும் பேசி முடிப்பார்கள்.

மகள் மேனுகாவுக்கு இதெல்லாம் வெட்கம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் மில் வாசலில் நின்று தாயோடு கையாலும் வாயசைவாலும் பேசியவள்தான். புளியந்தீவில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்த பிறகு, "அம்மா, போனில கத்தாதீங்க. மற்றாக்களுக்குக் கேக்குது" என்பாள். கைப்பேச்சைப் பற்றிக் கேட்டால், "எனக்கு அதெல்லாம் மறந்து போச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இருபத்தெட்டு வயதாகியும் அவளுக்கு ஒன்றும் பொருந்தி வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான், வீடு பெண்ணுக்கு. இராசாத்தியின் வீடு அவளுடைய தாய் கொடுத்தது. மேனுகாவுக்குக் கலியாணமானால் முன்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, தான் பின்பக்கத்தில் இறக்கிய சின்னப் பத்திக்குள் ஒதுங்குவது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். ஆனால் பத்திக்குள் ஒதுங்கினாலும் தொண்டை ஒதுங்குமா? போன வருசம் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் படலையடியில் அவள் "வாங்க, வாங்க!" என்றதைக் கேட்டே ஆடிப்போனார்கள். இந்த மனுசியோடு ஒரே வளவில் எங்கள் பிள்ளை எப்படிக் காலம் தள்ளுவான் என்று தரகரிடம் கேட்டார்களாம். அன்றிரவு மேனுகா சாப்பிடவில்லை. தன் வாயே மகளுக்கு வினையாகிவிட்டதே என்று இராசாத்தி அழுதாள். அந்த அழுகையையும் அவளால் மெல்ல அழ முடியவில்லை.

இப்போது வந்திருப்பது சதீஸ்குமார். களுவாஞ்சிக்குடிப் பையன், நல்ல வேலை. இரண்டு மாதமாக மேனுகாவோடு போனில் பேசுகிறான்; அவளுக்கும் பிடித்திருக்கிறது. தகப்பன் இல்லாத மேனுகாவுக்குத் தாய்மாமன்தான் முன்நிற்க வேண்டும். இராசாத்தியின் தமையன் கனகசூரியம் காலையிலேயே வந்து சொல்லிவிட்டார்:

"தங்கச்சி, இண்டைக்கு மட்டும் நீ வாயத் திறக்கப்படா. நான் கதைக்கிறன். நீ கும்பிட்டுப்போட்டு குசினிக்குள்ள இரி."

"ஓம் அண்ணன்!" என்றாள். கனகசூரியம் காதைப் பொத்தினார்.

அவர்கள் வந்தார்கள்: சதீஸ்குமார், தாய், தாய்மாமன். இராசாத்தி கும்பிட்டாள், சிரித்தாள், குசினிக்குள் போனாள். அதன் பிறகு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. மூடிய பானைக்குள் சோறு கொதிப்பது போல உள்ளே பேச்சுக் கொதித்தது. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே இன்னொருமுறை துடைத்தாள். முன்வீட்டில் தமையன் வீட்டின் வயதைப் பிழையாகச் சொல்வது கேட்டது. திருத்தப் போன வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் வளவைப் பார்க்கிறோம் என்று மூவரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். குடும்பமாக ஏதோ கதைக்கப் போகிறார்கள் என்று கனகசூரியம் மரியாதைக்கு உள்ளேயே இருந்துவிட்டார். கோப்பைகளை அலச மேனுகா கிணற்றடிக்குப் போனாள். மாமரத்தின் கீழே தாயும் மாமனும் குசினி யன்னலைப் பார்த்து நின்றார்கள். பையன் அவர்களைப் பார்த்து நின்றான். இராசாத்திக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. முகம் கிணற்றடிப் பக்கம்.

அவர்கள் குசுகுசுத்தார்கள். யன்னலுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் இராசாத்திக்குச் சொல் எதற்கு?

"இந்த இடம் இப்ப தங்கம்," என்றது மாமனின் வாய். "ஹோட்டல்காரன் கேட்ட விலையக் குடுப்பான்."

"கலியாண எழுத்து முடிஞ்சு ஒரு வருசம் போகட்டும். மறுகா வித்துப்போட்டு நம்மட ஊரில பெரிசாக் கட்டுவம்," என்றது தாயின் வாய்.

"தாய்க்காரி?"

"அது பேச்சுமூச்சில்லாத மனுசி. எங்கயாவது ஒரு அறை எடுத்துக் குடுத்தாக் காணும்."

இராசாத்தி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மில் ஓடிய காலத்தில் இந்த ஒழுங்கையில் பெண்ணெடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். மில் தூசு, மில் இருமல், மில்காரிகளின் வாய் என்று நக்கலடிப்பார்கள். இன்றைக்கு வாசல் தேடி வந்தது தன் பிள்ளைக்காக என்றல்லவா அவள் சந்தோசப்பட்டாள்?

மாமன் பையனிடம் திரும்பினார். "நீ என்ன சொல்றாய் தம்பி?"

பையனின் பதில் முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மற்ற இருவரின் கண்ணும் அவன் மேல் இருந்த நேரம் பார்த்து, இராசாத்தி யன்னலோடு ஒட்டி நின்று கையை உயர்த்தினாள். கிணற்றடியில் மேனுகா நிமிர்ந்து பார்த்தாள். தாய் சத்தமே இல்லாமல் வாயசைத்தாள்: வீட்ட விக்கப் போறாங்களாம், என்ன ஒரு அறையில விடுவாங்களாம். அவன்ட வாயப் பார்.

மறந்து போச்சு என்று சொன்ன பிள்ளை. இராசாத்தி உயர்த்திய கையை இறக்கவில்லை.

மேனுகா சதீஸ்குமாரின் முகத்தைப் பார்த்தாள். கோப்பையில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. பிறகு கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். இரண்டு விரலைச் சேர்த்தாள், பிரித்தாள். கையை மூடி வயிற்றுப் பக்கம் இழுத்தாள்.

நூல் அறுந்துவிட்டது. தறியை நிறுத்து.

இராசாத்தி முற்றத்தில் இறங்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் ஒன்றாக வந்தது.

"இந்த வீடு விக்கிறதுக்கில்ல! என்ட தாய் எனக்குத் தந்தது, நான் என்ட மகளுக்குக் குடுக்கிறது! தேத்தண்ணி குடிச்சிட்டீங்க, சந்தோசம், போயிற்று வாங்க!"

மாமரத்துக் காகம் எழும்பிப் பறந்தது. ஹோட்டல் மதிலுக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. 'பேச்சுமூச்சில்லாத மனுசி'யைப் பார்த்தபடியே மூவரும் பின்னுக்கு நடந்து படலையைத் தாண்டினார்கள். உள்ளேயிருந்து ஓடிவந்த கனகசூரியம் தலையில் கை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனார்.

பின்னேரம் முழுவதும் மேனுகா கிணற்றுக் கட்டிலேயே இருந்தாள். இராசாத்தி குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். பிள்ளை பிழையாகப் பார்த்திருந்தால்? எத்தனை வருசத்துக்கு முந்திய பழக்கம்? தன் அவசரத்தால் இரண்டாம் தரமும் கெடுத்துவிட்டோமோ? கடைசியில் பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய் இருந்தாள். குரலைக் கஷ்டப்பட்டு இறக்கினாள்.

"மகள், சரியாப் பாத்தியா? என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லல்ல அம்மா."

"ஒண்டும் சொல்லல்லயா?"

"உங்கள ஒரு அறையில விடுற கதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டவன். அவன்ட மாமன் கேட்டதுக்குச் சிரிச்சான். தலைய ஆட்டினான். வாயே திறக்கல்ல." மேனுகாவின் கண் நிறைந்தது. "எனக்கு அவனப் பிடிச்சிருந்தது அம்மா. ஆனா தறி பக்கத்தில எரிஞ்சாலும் அவன் கத்தமாட்டான்."

இராசாத்தி மகளின் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அப்போது குசினிக்குள் போன் அடித்தது. கனகசூரியம்தான், திட்டுவதற்கு. இராசாத்தி எடுத்து, மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக மெல்ல "ஹலோ" என்றாள்.

"அவருக்குக் கேக்காது அம்மா," என்றாள் மேனுகா, கிணற்றடியிலிருந்து. "கத்துங்க."