மேலடுக்குச் சோறு

என் காரின் முன் இருக்கையில் ஒரு எவர்சில்வர் கேரியர் இருக்கிறது. இரண்டு அடுக்கு. மூடியில் அக்காவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். அவள் கல்யாணத்துக்கு வந்த சீர் அது. ஒரு பக்கக் கொக்கி கழன்றுபோய்க் கம்பி சுற்றியிருக்கிறது. மேலடுக்கு அவளுக்கு, கீழடுக்கு எனக்கு. என்னைப் பார்க்க எங்கே வந்தாலும் அப்படித்தான் சோறு போட்டு எடுத்துவருவாள். பின்னால் டிக்கியில் இன்னொரு பாத்திரம் இருக்கும். ஈயத்தில் செய்த குடுவை. பார்த்தால் சின்னது, தூக்கினால் தோள் இறங்கிவிடும். அதற்குள் சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து. அந்தக் குடுவைதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தக் கேரியரைப் பார்த்தால் அந்தச் சோறு இறங்குவதில்லை.

மருந்து என்கிறேனே தவிர அது ஒரு நோயையும் குணமாக்காது. அது ஒரு சர்க்கரை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் விடிவதற்கு முன்னால் செய்கிறார்கள். குளுக்கோஸில் ஓரிடத்தில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு, அங்கே கதிர் வீசும் ஃப்ளோரினை ஒட்டுகிறார்கள். உடம்பு அதை நிஜச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். எரிக்கப் பார்க்கும், முடியாது. அது அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். மூளை எப்படிச் சர்க்கரை தின்கிறது என்று ஆராய்ச்சி செய்யத்தான் இதை முதலில் உண்டாக்கினார்களாம். புற்றுக்கட்டி நல்ல சதையைவிட அதிகமாகச் சர்க்கரை தின்னும் என்பதால், அது எங்கே பரவியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்க இப்போது இதை ஊசியாகப் போடுகிறார்கள். நிஜச் சர்க்கரை ரத்தத்தில் நிறைய இருந்தால் இது உள்ளே போகாது, படம் தெரியாது. அதனால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். இதெல்லாம் சேலத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடும் டெக்னீஷியன் பெண் எனக்குச் சொன்னது. நான் பன்னிரண்டாவது பெயில். ஆனால் ஒரு கணக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்றுப்பத்து நிமிடத்தில் அந்த மருந்து பாதியாகிவிடும். அடுத்த நூற்றுப்பத்தில் அந்தப் பாதியிலும் பாதி. யாரும் தொடாமலே, மூடிய குப்பிக்குள்ளேயே குறைந்துகொண்டு போகும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம் என்று நான் ஓட்டுவது தூரத்தை அல்ல, அந்த நிமிடங்களை.

இந்த வேலையால் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுலதான் அந்தக் கதிரு வருதுங்களா?" என்றார். "ஈயத்துக்குள்ள இருக்குதுங்க, ஒன்னும் ஆகாது" என்றேன். "அப்ப எம்பொண்ணையும் ஈயத்துக்குள்ள வெச்சிக் கட்டிக் குடுக்கறதுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் கடத்தூரில் டீக்கடைக்காரர் எனக்குக் கரண்ட்டு என்று பெயர் வைத்தார். "கரண்ட்டு வருது, தள்ளி உக்காருங்கப்பா" என்பார். கேலிதான். ஆனால் நிஜமாகவே தள்ளித்தான் உட்காருவார்கள். என் காரில் ஊர்க்காரன் ஒருவனும் ஏறியதில்லை. சாவுக்குக்கூட பஸ்ஸில் போவார்கள். அக்கா ஒருத்திதான் ஏறுவாள். முன் இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவாள். "ஏசியைக் கொஞ்சம் வையிடா, ஓசிதான?" என்பாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். புருஷன் இல்லை. கடத்தூரில் மகன் வீட்டில் இருந்தாள். சர்க்கரை நோய் வேறு.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்வதா, முதலில் மருந்து ஏற்றுவதா என்று முடிவெடுக்க இந்த ஸ்கேன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கொண்டுபோகிற சர்க்கரையை என் அக்கா உடம்பிலேயே போடப் போகிறார்கள் என்றபோது எனக்குப் பயம் வரவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. அன்று நான்கு பேருக்கு மருந்து. அவள் மூன்றாவது. அவள் முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். மகனுக்கு வேலை, கூட வரவில்லை. ஸ்கேன் முடிந்ததும் இரண்டு பேரும் சாப்பிட, கேரியரில் புளிசோறு எடுத்துவந்திருந்தாள்.

நான் தொப்பூரில் மாட்டிக்கொண்டேன். கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி கவிழ்ந்து சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வெங்காய மூட்டைகள் உடைந்து உருண்டு, எனக்கு முன்னால் கண்ணுக்கெட்டியவரை வண்டி. போலீஸ்காரரிடம் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். "பறந்து போறியா?" என்று கேட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, போக இடம் இல்லை. டெக்னீஷியன் பெண் போன் செய்தாள். "அண்ணா, யாரையும் வீட்டுக்கு அனுப்பல. நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்றாள். இதை நான் என் காதால் கேட்டேன். ஒன்பது மணி இருக்கும், அக்கா கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்குற? கை கால் எல்லாம் நடுங்குதுடா. பசி காதை அடைக்குது."

நான் கணக்குப் போட்டேன். எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் நான்கு பேருக்கு ஆகும்படி அளந்து கொடுத்த மருந்து. இந்த நிமிடம் வழி விட்டாலும் நான் போய்ச் சேர்வதற்குள் பாதி போயிருக்கும். நான்கில் பாதி இரண்டு. அவள் மூன்றாவது. "உனக்கு வராதுக்கா, இன்னைக்கு நடக்காது. சோத்தைச் சாப்பிட்டுரு" என்றேன்.

"கேக்காம எதையும் வாயில வெக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"நர்ஸம்மாவுக்கு என்ன தெரியும்? மருந்து எங்கிட்ட இருக்குது."

அதைச் சொன்ன வாய்தான் இது. பத்து வருஷம் குடுவையைத் தூக்கியவன் டாக்டர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டாள். நான் சொன்னால் அவள் கேட்பாள். ஊரில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் வழி விட்டார்கள். பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரி போனேன். டெக்னீஷியன் பெண் குப்பியை அளந்து பார்த்தாள். என் கணக்கு சரி, இரண்டு பேருக்கு இருந்தது. ஆனால் இரண்டாவது ஆளாக வந்திருந்த ஆத்தூர்ப் பெரியவர் காத்துக் காத்துக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். "உங்கக்கா லக்கிண்ணா. அவங்களை வரச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் திரும்பி அக்காவின் கேரியரைப் பார்த்தேன்.

விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இருநூற்று நாற்பது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா சாப்ட்டீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "பசி தாங்கலைங்க. நானாத்தான் சாப்ட்டுட்டேன்." அவ்வளவு பேர் முன்னால் அவளுக்குத் திட்டு விழுந்தது. படித்துப் படித்துச் சொன்னோமே, ஒரு நாள் வாயைக் கட்ட முடியாதா, இந்த மருந்து என்ன குழாயிலா வருகிறது என்று. அவள் தலையைக் குனிந்து, மடியில் இருந்த கேரியர் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மருந்து நான்காவது ஆளுக்குப் போனது. மேட்டூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண். அவள் தயங்கி நிற்க, அக்காதான், "நீ போ கண்ணு, நல்லா இருப்ப" என்று அனுப்பினாள். நான் டெலிவரிச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். தொப்பூர் ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். கேரியரைப் பிரித்துக் கீழடுக்கை என் கையில் கொடுத்தாள். "ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"பின்ன? நீ சொன்னேன்னு சொன்னா உன் வேலை இருக்குமாடா? வேலை போனா உனக்கு யாரு சோறு போடுவா? பொண்டாட்டியா இருக்குறா?" என்றாள். காலி மேலடுக்கை மூடிக்கொண்டே, "யாருகிட்டயும் வாயத் தொறக்காத சாமி. எம்மவங்கிட்டயும்தான்" என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புளிசோறு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். அன்று அவள் போகவில்லை. வீட்டில் நடந்த பேச்சு அப்படி. அக்கா மகன் அவளை நடுக்கூடத்தில் நிறுத்திவைத்துக் கேட்டான். "ஒரு வேளை வாயைக் கட்ட மாட்டியாம்மா நீ? செத்தா பரவால்ல, சோறு வேணும் உனக்கு." அவன் கெட்டவன் இல்லை. பயத்தில் பேசினான். நான் கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை. நானும் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். அதற்கப்புறம் அவள் ஸ்கேன் என்றாலே, "மறுபடி அங்க போயி திட்டு வாங்கச் சொல்றியா? தக்காளி பறிப்பு முடியட்டும், பாக்கலாம்" என்பாள். தக்காளி முடிந்தது. மழை வந்தது. கடைசியில் போனபோது நான் கொண்டுபோன மருந்தைத்தான் போட்டார்கள். ஈரலில், எலும்பில், எல்லா இடத்திலும் பளிச்சென்று நின்றது. மாசியில் போய்விட்டாள்.

முதல் தடவையே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ, நிஜமோ, தெரியாது. இரண்டும் எனக்கு உதவாது. டாக்டர் ஆம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

இந்த வருஷம் மூன்றாவது திதி. சாப்பிட்டு முடித்த உறவுக்காரர் ஒருவர் பேச்சை எடுத்தார். அக்கா மகன் எப்போதும் சொல்வதைச் சொன்னான். "எங்கம்மா அன்னைக்கி அரை மணி நேரம் வாயைக் கட்டியிருந்தா இன்னைக்கி இருந்திருப்பாங்க." மூன்று வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன். அன்று முடியவில்லை. "நாந்தான்டா சாப்பிடச் சொன்னேன். போன் பண்ணி நாந்தான் சொன்னேன்" என்றேன். இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவன் என்னை அடித்திருந்தால் பரவாயில்லை. உட்கார்ந்துவிட்டான். "ஏன் மாமா சொல்லல?" என்றான். வேலைக்குப் பயந்து என்றேன். "நான் அவங்களை என்னென்ன பேசுனேன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? பக்கத்துலதான நின்னீங்க. சாகற வரைக்கும் நான் அவங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல மாமா" என்றான். நான் அக்காவை மட்டும்தான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மகனுக்குத் தாயோடு மிச்சமிருந்த ஏழெட்டு மாதத்தையும் நான்தான் தின்றிருக்கிறேன். எழுந்து உள்ளே போனான். இந்தக் கேரியரோடு வந்து, என் காரின் முன் இருக்கையில் வைத்தான். அந்தக் காரை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை. "எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க அடுக்கும் இதுலதான இருக்குது" என்றான். அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை. நானும் இப்போது கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவன் இதைப் படித்தால் படிக்கட்டும். அவள் பசிக்காகச் சாப்பிடவில்லை, நான் சொன்னதற்காகச் சாப்பிட்டாள் என்பது ஊருக்கும் தெரியட்டும். வேலை போனால் போகட்டும்.

தினமும் ஓட்டுகிறேன். டெலிவரி முடிந்து காலிக் குடுவையோடு திரும்பும்போது அந்தப் புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிடுகிறேன். நானே ஆக்கிய சோறு, கீழடுக்கில் மட்டும். மேலடுக்கைக் கழுவித் துடைத்துக் காலியாக மாட்டிவிடுகிறேன். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். கொக்கி சரியில்லாததால் தொப்பூர் வளைவுகளில் அது கடகடவென்று ஆடும். ஒரு துணியைச் சுற்றினால் சத்தம் நின்றுவிடும். நான் சுற்றுவதில்லை.