ஐஸ்கிரீமில் உப்பு போட்டவன்

இன்றைக்கு மில்லர்புரத்திலிருந்து வேம்பார் வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற சாஃப்ட் ஐஸ்கிரீம் வண்டிகள் ஏழும் எங்களுடையவை. கோன் சுடத் தனிக் கொட்டகை, பால் காய்ச்ச பாய்லர், கரண்டு போனாலும் தாங்குகிற குளிர் அறை, எல்லாம் நான் நின்று கட்டியவை. லோன் கேட்டுப் போனபோது பேங்க் மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இதற்குக் கைநாட்டே தெளிவாக இருக்கும் என்றார். அவர் பேரன் பிறந்தநாளுக்கு எங்கள் வண்டிதான் போனது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவு செய்தானா என்று கேட்பார்கள். ஐந்தாவதுக்குப் போகும் முன்பே நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. தாத்தாவுக்கு உப்பு வியாபாரம். அம்மாவின் தம்பியான மாமா, தாத்தாவின் உப்பு வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், ஏதோ கப்பல் சமையலறையிலிருந்து கழற்றிய சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷினை அவர் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் தாத்தாவை ஒரு நிபந்தனைக்குக் கொண்டுவந்தார். மாதா கோயில் தேரன்று ஒரு நாள் மட்டும் வேனில் மெஷினை ஏற்றிக்கொள்ளலாம். தேர் நிலைக்கு வருவதற்குள் பால் தொட்டி காலியாக வேண்டும். ஆகாவிட்டால் மெஷின் வந்த கடைக்கே போகும், மாமா மறுநாள் பழையபடி உப்பு மூட்டை ஏற்றப் போவார்.

நானும் வேனில் ஏறுவதைப் பார்த்த தாத்தா, "ஏலே, மெஷின்ல கை வச்சேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். என் முதுகுக்குத் தெரியும்.

ஜெனரேட்டர் உறுமியது. மாமா பிடியை இழுத்தார். வெள்ளைச் சுருள் கோனில் அழகாகச் சுற்றி நின்றது. கூட்டம் கூடியது. வினையும் அங்கேதான் வந்தது. எங்கள் சனம் பல்லைக் கூசவைக்கிற குச்சி ஐஸைத்தான் அறியும். முதலில் வாங்கிய துறைமுகச் சுமைக்காரர் விரலால் குத்திப் பார்த்துவிட்டுக் கோனைத் திருப்பி நீட்டினார்.

"அண்ணாச்சி, இது இன்னும் உறையலையே. உறைஞ்சப்புறம் தாரும், நிக்கேன்."

"இது இப்படித்தாம்வே இருக்கும்."

"அப்ப மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லும்."

அவர் உண்மையிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர், உறையட்டும் என்று பொறுமையாக வரிசையில் நின்றார்கள். உச்சிப்பொழுது வரை தொட்டியில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. உப்புப் பாத்தியில் மழை விழுந்த நாளில் தாத்தா முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது மாமாவின் முகம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐஸை உறைய வைக்கிற வித்தை எனக்குத் தெரியும். எங்கள் தெருக் குச்சி ஐஸ்காரர் தாத்தாவிடம்தான் உப்பு வாங்குவார். ஐஸ்கட்டியில் உப்பை அள்ளிப் போட்டு, நடுவே பால் குழாய்களைச் செருகி வைப்பார். கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். உப்பு குழாய்க்கு வெளியே விழுந்ததா உள்ளே விழுந்ததா என்பதை நான் கவனிக்கவில்லை. அவ்வளவு சின்ன விஷயத்தை எட்டு வயதில் யார் கவனிப்பார்கள். வேன் மூலையில் பாதி மூட்டை உப்பு கிடந்தது. மாமா டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு கைப்பிடி அள்ளித் தொட்டிக்குள் போட்டுக் கலக்கினேன்.

மாமா திரும்பி வந்து பிடியை இழுத்தபோது, கல்லாக வேண்டியது முன்னைவிடத் தளர்ந்து வழிந்தது. அந்தச் சமயம் பார்த்து, காலிக் கூடையோடு வந்த கருவாட்டுக்கார அக்கா ஒரு கோன் வாங்கினாள். ஒரு நக்கு நக்கிவிட்டு நிறுத்தினாள்.

"இதுல என்னத்தப் போட்டீரு?"

மாமா விரலில் தொட்டு வாயில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தேரைப் பார்த்தேன். கோனைத் திரும்ப வாங்க மாமா கையை நீட்ட, அக்கா கோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"விடும். மாங்காய்க்கு உப்பு தொடுதோம், அன்னாசிக்குத் தொடுதோம், இதுக்குத் தொட்டா என்னவாம். வெயில்ல நின்னவளுக்கு இதுதான் நாக்குல ஏறுது. ஏளா, இங்கன வா, நீயும் ஒண்ணு வாங்கு."

காலையிலிருந்து நின்ற சுமைக்காரருக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. "உப்பு போட்டா எப்படி உறையும்? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாவே?" என்று மாமாவைக் கடிந்துகொண்டு இரண்டு வாங்கினார். அவர் சொன்ன காரணம் வரிசை முழுக்கப் பரவியது. உறையாததற்குக் காரணம் கிடைத்துவிட்டதால் யாருக்கும் பிறகு குறையில்லை.

தேர் நிலைக்கு வந்தபோது ஒரே ஒரு கோனுக்கான பால்தான் மிச்சம். அதைத் தாத்தா வாங்கினார். உப்பு வியாபாரியின் நாக்கை ஏமாற்ற முடியுமா.

"உப்பு யாரு போட்டது?"

நான் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். மாமாவின் சில்லிட்ட கை வந்து என் வாயைப் பொத்தியது.

"நாந்தாம்ப்பா."

"நம்ம உப்பா?"

"நம்ம உப்புதான்."

தாத்தா கோனின் நுனி வரைக்கும் தின்று முடித்து, வாயைத் துண்டால் துடைத்தார். "உப்புக்கு வேற வண்டி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாமாவோடு நான் நான்கு நாள் பேசவில்லை. என் கண்டுபிடிப்பை என் கண்ணெதிரே திருடிய மனிதர் வாங்கித் தந்த மிட்டாயை அவர் பார்க்காதபோதுதான் தின்றேன். எனக்கு விழ வேண்டிய அடிக்குக் குறுக்கே அவர் நின்றார் என்பது அந்த வயதில் தெரியவில்லை. உப்பு கூடிப்போயிருந்தால் எல்லாப் பழியும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும் என்பதும் தெரியவில்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்காக நான் பொய் சொன்ன பிறகே தெரிந்தது.

மாமா இப்போது இல்லை. அவர் மகன் புதிய வண்டியில் எங்கள் தொழிலின் வரலாற்றை எழுதி, உப்பு ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்தவர் என்று மாமாவின் படத்தைப் போட்டிருக்கிறான். இருக்கட்டும், எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிமேல் மாமா அந்தப் பொய்யைச் சுமக்கத் தேவையில்லை. அதனால் பக்கத்திலேயே என் படத்தையும் போட்டு, உப்பு போட்டது இவர்தான் என்று எழுத வேண்டும். ஏழு வண்டியிலும்.