ஒலி இல்லாத வீடியோ

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் எங்கள் ஏஜென்சியில் அவளைப் பஞ்சுக்கை என்போம். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டினால் அவருக்கே தெரியாது. அப்படி ஒரு கை. புருஷன் போனபின் இந்த வேலையை வைத்தே மகளைப் படிக்க வைத்தாள்.

கடைசியாக அவள் பார்த்துக்கொண்டது ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவரை. பக்கவாதம். இருமிச் சளியைத் துப்பத் தெம்பில்லை. அப்படிப்பட்டவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகில் தட்ட வேண்டும். செய்யாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும். சத்தம் பெரிதாகக் கேட்கும், வலிக்காது. தட்டி முடிந்ததும் கிழவர் குழறலாக, "ரைட்... போலாம்" என்பார். கண்டக்டர் பஸ்ஸைத் தட்டிய ஞாபகம்.

"மொதல்ல டிக்கெட் எடுத்தீங்களா?" என்பாள் இவள்.

வெளியூரிலிருந்த அவர் மகள் அறையில் கேமரா வைத்திருந்தாள். அதில் ஒலி வராது. ஒருநாள் பார்த்தவள் பதறிப்போய், "எங்கப்பாவை அடிக்கிறா" என்று வீடியோவை இணையத்தில் போட்டுவிட்டாள்.

அன்றே வேலை போனது. பஞ்சுக்கை தன் மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் சொற்களைத் தெரிந்துகொண்டாள்.

"வைரல்னா?"

"ஊரே பாக்குதும்மா."

"மீம்?"

"உன் மூஞ்சிய வெட்டிப் பேய் உடம்புல ஒட்டிச் சிரிக்கிறாங்க."

"ட்ரோல்?"

"வம்புக்குன்னே கூட்டமா சேந்து திட்டுறது. போனைக் குடும்மா, படிக்காத."

"நம்ம அட்ரஸையும் போட்டிருக்கானே, அதுக்கு என்ன பேரு?"

"டாக்ஸிங்." சொல்லிவிட்டு மகள் அழுதாள்.

பஞ்சுக்கையின் கவலை வேறு. "புதுசா வந்த பொண்ணு அவரைத் தட்டுறாளா, கேட்டுச் சொல்லுக்கா" என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

கேட்டேன். "கேமரா இருக்கே ஆன்ட்டி. எனக்கும் பேய் உடம்பு ஒட்டவா?" என்றாள் அந்தப் பெண்.

கிழவரின் மகளுக்குப் போன் போட்டேன். அது அடியில்லை, வைத்தியம் என்று டாக்டரும் அவளிடம் விளக்கியிருந்தார்.

"தப்புதான். டெலிட் பண்ணிட்டேனே."

"அவளைத் திரும்பக் கூப்பிடும்மா. உங்கப்பா நெஞ்சு தாங்காது."

"கூப்பிட்டா என்னையும் சேத்துத் திட்டுவாங்க."

அவள் அழித்தது அவள் போட்டதை மட்டும். அதற்குள் ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சளி கட்டியது. காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

கிழவரின் மகள் அவர் படத்தைப் போட்டு இரங்கல் எழுதினாள். கீழே முதல் கமெண்ட்: "அந்தப் பேய் அடிச்ச அடிதான்." லைக் குவிந்தது. மகள் மறுத்து ஒரு வரி எழுதவில்லை; கமெண்ட் பகுதியை மூடிவிட்டாள்.

பஞ்சுக்கை இப்போது ஒரு லாட்ஜில் படுக்கைவிரிப்பு துவைக்கிறாள். மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. போன வாரம் எனக்கு நெஞ்சுச்சளி. அவள் வீட்டுக்குப் போனேன்.

"கொஞ்சம் தட்டேன்டி" என்று முதுகைக் காட்டினேன்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள். கையைக் குவித்து ஓங்கினாள். அது அப்படியே நின்றது.

"வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கோக்கா."