ஃபைபர் போட்ட அம்பாசடர்

“காலப் பாத்து வையி மக்கா, உள்ள தரை கெடையாது.”

கடியப்பட்டணத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பின்புறம், தென்னைகளுக்கு நடுவே நின்ற அம்பாசடரின் கதவை முதன்முதலாக இழுத்துத் திறந்தபோது என் கூட்டாளி சொன்னது இது. எட்டிப் பார்த்தேன். பெடலுக்குக் கீழே கடல் மணல் தெரிந்தது. மணலில் ஒரு நண்டு வளை. அவன் சொன்ன விதம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். ஆட்களின் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிக்கொண்டு நடப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். பொறுக்கியதை உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம்தான் அன்று இல்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தக்கலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றேன். மெக்கானிக் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொருள் வாங்க வருகிறவர்களிடம் வாயைக் கொடுத்தும், போனில் வீடியோ பார்த்தும், கடைக்குத் திரும்பி வந்த கார்புரேட்டர்களைக் கழற்றி மாட்டியும் தெரிந்துகொண்டதுதான். என் கூட்டாளி கடியப்பட்டணத்துக்காரன். மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவன். அவன் போட்ட ஒட்டு பிரிந்து ஒரு வள்ளம்கூடப் பாதியில் கரைக்குத் திரும்பியதில்லை என்று கடப்புறத்து மீன்காரர்கள் சொல்வார்கள்.

அந்தக் கார் கல்ஃபில் இருந்த ஒருவருடையது. அவர் அங்கேயே இறந்துபோனார். குடும்பம் களியக்காவிளைப் பக்கம் குடியேறிவிட்டது. பத்தொன்பது வருடம் வண்டி கடலைப் பார்த்தபடி நின்றிருக்கிறது. அவர் மனைவியிடம் போனில் பேசினோம். “கொண்டு போனா போதும் மக்கா. அதப் பாக்கப்போ எல்லாம் அவிய உள்ள இருக்குத மாதிரி தோணுகு” என்றார். பழைய இரும்பு விலைக்குத் தந்துவிட்டார்.

வள்ளம் ஏற்றும் வண்டியில் வைத்து, கரையோரமாக இருந்த கூட்டாளியின் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். வந்தவர் போனவரெல்லாம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். “காரா, கோழிக்கூடாடே?” என்றார் ஒருவர். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிராமலேயே, “உப்பு உள்ள ஏறியாச்சு. இனி அது சொல்லுகதுதான் சட்டம்” என்றார். இதையும் நான் கடையில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

உப்பின் வேலையைத் தினமும் பார்க்கலாம். மாலையில் துடைத்துப் பளபளவென்று வைத்த பம்பரில் காலையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். மறுநாள் அங்கங்கே மஞ்சள் புள்ளி. அதைத் தேய்த்தால் அடியில் ஒரு குழி. எஞ்சினுக்கு அவ்வளவு சேதமில்லை. எண்ணெய் கெட்டியாகி அதைக் காப்பாற்றியிருந்தது. நாலு மாதத்தில் அது ஒருநாள் இருமி, கறுப்பாகத் துப்பி, ஓடத் தொடங்கியது. கூட்டாளி என்னைத் தூக்கிச் சுற்றினான். எங்கள் சிரிப்புக்கு நடுவே காருக்கு அடியில் சலசலவென்று என்னவோ உதிர்ந்துகொண்டே இருந்தது. மணல் என்று நினைத்தோம்.

திங்கள்நகரிலிருந்து ஒரு வெல்டரை அழைத்து வந்தோம். அவர் காருக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல. வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“வெல்டிங் பிடிக்க இரும்பு வேணும்லா? இது பப்படம்.”

அம்பாசடரின் பின்சக்கரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அதன் முன்முனை, பின்சீட்டுக்கு நேர் கீழே, வண்டியின் தரையோடு வந்து சேரும். இடது பக்கம் அந்த இடம்தான் பப்படம். சீட்டு, தரை எல்லாம் பிரித்து, அந்தப் பக்கத்தை முழுவதும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும், ஆறு மாதம் என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார்.

எங்களிடம் ஆறு வாரம்தான் இருந்தது.

கூட்டாளிக்கு ஒரே தங்கை. கருங்கல் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்று வாடகைக்குப் பேசிய கார் வராமல்போக, பட்டுச் சேலையோடு அவளை மீன் டெம்போவில் ஏற்றி அனுப்ப வேண்டிவந்தது. கழுவி, சாம்பிராணி போட்டு, பூக்கட்டிய டெம்போதான். இருந்தாலும் மாமனார் வீட்டில் அந்தப் பேச்சு முடியவே இல்லை. மழை பெய்தால், “டெம்போவுக்குத் தார்ப்பா உண்டா மோளே?” என்பாராம் மாமனார். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய், அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். நாளும் குறித்தாகிவிட்டது. அவளை இந்த அம்பாசடரில்தான் அழைத்து வருவேன் என்று கூட்டாளி வீட்டில் சொல்லிவிட்டான்.

“வெல்டரு இரும்புக்காரன். அவனுக்கு இரும்புதான் தெரியும்” என்றான் என்னிடம். “நான் ஃபைபர் போட்டுத் தாறேன். வள்ளத்துக்கு அடி போனா என்ன செய்யோம்? அதே கத.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடலில் நிற்பது ரோட்டில் நிற்காதா? கொட்டகைக்குப் பக்கத்து ஆழ்துளைக் குழாயில் தண்ணீர் அடித்து அடிப்பாகத்தைக் கழுவினோம். உப்புக் கரிக்கிற தண்ணீர். அங்கே எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினோம். தொட்டால் காய்ந்திருந்தது. அவன் மூன்று அடுக்கு கண்ணாடியிழைப் பாயும் பிசினும் வைத்து, தேய்த்து, மேலே வழவழவென்று பூச்சும் கொடுத்தான். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. கைதேர்ந்த ஆள் போட்ட ஒட்டு. அதற்குள்ளே உப்பையும் ஈரத்தையும் வைத்து, வெளியேற வழியில்லாமல் நாங்களே மூடியிருந்தோம். வள்ளத்துக்குள் துருப்பிடிக்க இரும்பு கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால், பிரேக் பார்க்க நான் தனியாக அடியில் படுத்தேன். ஃபைபர் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு ஒழுகிக் காய்ந்திருந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

வெளியே கூட்டாளி பாட்டுப் போட்டுக்கொண்டு கதவுக்கு பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்காக இத்தனை மாதமாக வேலைக்குப் போகாத நாட்கள் அவனுக்கு எத்தனையோ. எனக்கும் அந்தக் காரைப் பூவோடு ரோட்டில் பார்க்க ஆசை. பழந்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். கறுப்புப் பெயின்ட் டப்பா பக்கத்தில் இருந்தது. ஒரு பூச்சு பூசினேன். மறுநாள் கோடு திரும்பவும் வந்தது. திரும்பவும் பூசினேன்.

குறித்த நாள் காலையில் புறப்பட்டோம். பேப்பர் வேலை இன்னும் முடியவில்லை. கடலோர ரோட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றான் கூட்டாளி. ஓட்டினது நான். அவன் முன்னால், என் பக்கத்தில். பின்னால் அவன் அம்மாவும் கட்டுச்சோற்றுப் பாத்திரங்களும். மணவாளக்குறிச்சி திருப்பத்தில் முதல் சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச தூரம் போய் இன்னொன்று.

“ஏலே, பொறத்த ஆரோ தட்டுகான்” என்றார் அம்மா.

“பாத்திரமாக்கும் அம்மா. பிடிச்சுக்கிட்டு இரிங்க.”

அம்மா பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். குளச்சல் தாண்டியும் தட்டல் நிற்கவில்லை. நான் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவர் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருங்கலில் வரவேற்பு நன்றாகவே இருந்தது. மாமனார் பானெட்டைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். “கொள்ளாம் கேட்டியா. இது மீன் மணக்காதுல்லா?” என்றார். கூட்டாளி சிரித்தான். கல்யாணம் முடிந்த இரண்டு வருடத்தில் அந்த முற்றத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கை கழுவுகிற மாதிரி நான் வெளியே வந்து அடியில் புகுந்தேன். நான் பூசிய கறுப்பு பிளந்து, விளிம்பை ஒட்டி முடி கனத்துக்கு ஒரு விரிசல் நீளமாக ஓடியது. ஸ்பேனரின் பின்முனையால் தட்டினேன். கொட்டாங்கச்சியைத் தட்டும் சத்தம்.

எழுந்து வந்தபோது அவளை வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், ஒரு கை வயிற்றில். நேராகப் போய்ப் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தாள். கதவு சாத்தவில்லை. காலையில் தானாகச் சாத்திய கதவு. அவள் மாப்பிள்ளை கதவைத் தூக்கி ஓங்கி அடித்தான். திரும்பவும் விலகி நின்றது. அவள் பாரத்துக்கே வண்டியின் முதுகு அங்கே இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

“எறங்கு பிள்ளே” என்றேன்.

“இப்பத்தான் ஏறுனேன் அண்ணா. எனக்கு இது எளுப்பமுள்ள சோலியா?” என்று சிரித்தாள்.

“வண்டி சரியில்ல. எறங்கு.”

கூட்டாளி என் தோளில் கைபோட்டு ஓரமாக இழுத்தான். குரலைத் தாழ்த்தினான். “மக்கா, சத்தம் வைக்காத. இருபதுல போவோம். வீட்டுல எறக்கிட்டு, நாளைக்கே ஒடச்சுப் பாப்போம்.”

“அதுவர நிக்காது.”

“எது நிக்காது? நான் போட்டது ஆள் ஒசரத்துக்கு அல அடிச்சாலும் நிக்குது. கருங்கல் ரோட்டுல நிக்காதா?”

“ஒனக்க ஃபைபர் நிக்கும். அத பிடிச்சிருக்க இரும்பு இல்ல.”

அவன் நம்பவில்லை. மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப் பேசிப் புண்ணியமில்லை என்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குனிந்து, அந்த விரிசலில் வைத்து அழுத்தினேன். சத்தமே இல்லாமல் கைப்பிடி வரைக்கும் போயிற்று. இழுத்தபோது, வடிகட்டிய தேயிலைச் சக்கைபோல ஈரமான பழுப்புப் பொடி, பெருக்கித் தெளித்திருந்த முற்றத்தில் கொட்டியது. சின்னக் குவியலாகச் சேர்ந்தது.

மாப்பிள்ளை அவளைக் கை பிடித்து இறக்கினான். மாமனார் தொண்டையைச் செருமினார்.

“டெம்போ வல்லதும் சொல்லட்டா?”

கூட்டாளியின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். அவன் அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. பொடிக் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மோனே, நீ இத எப்ப அறிஞ்ச?”

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் என்னைக் கும்பிட்டிருப்பார்கள்.

“ரெண்டு வாரமாச்சு அம்மா.”

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிழலில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் மாமனார் வீட்டுக் காரிலேயே எல்லோரும் புறப்பட்டார்கள். கூட்டாளி என் பக்கம் திரும்பாமல் அதில் ஏறினான். அம்பாசடரை அந்த முற்றத்தில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காலியாக, மெல்ல ஓட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன். தட்டல் இப்போது நிற்காமல் கேட்டது.

குளச்சலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது முதுகுக்குப் பின்னால், வெட்டிய தென்னங்குலை தரையில் விழுகிற சத்தம். வண்டி இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது.

இறங்கிப் பின்கதவை இழுத்துத் திறந்தேன். ஸ்பிரிங்கின் முனை தரையைக் கிழித்து மேலே வந்திருந்தது. பின்சீட்டின் இடது பாதி தூக்கிக்கொண்டு நின்றது. ரெக்ஸின் பிளந்து, அதற்குள்ளிருந்து கரிய இரும்பு ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் கூட்டாளி பைக்கில் வந்தான். நேராகப் பின்கதவுக்குப் போனான். நீட்டிக்கொண்டிருந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அப்புறம் குனிந்து, வேகத்தடையை ஒட்டிக் கிடந்த ஃபைபர் துண்டை எடுத்தான். முழுசாக அப்படியே இருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் மீன் செதிள்போல அடுக்கடுக்காகத் துரு. விரலால் தட்டிப் பார்த்தான்.

“இது பொட்டல்ல, ஒரு கீறலும் இல்ல” என்றான்.

“இல்ல.”

“நான் அறியாம செய்தேன் மக்கா. வெல்டரு சொன்னப்ப கேக்கல்ல, அது எனக்க மண்டக்கனம். நீ ரெண்டு வாரம் இதுமேல கறுப்பு அடிச்சிட்டு, எனக்க வீட்டுல வந்து சோறு தின்னிருக்க. எனக்க தங்கச்சி நேத்து போன்ல, ஒனக்கும் ஒண்ணும் வரப்பிடாதுண்ணு, பைய ஓட்டச் சொல்லுண்ணு சொன்னா.”

அவன் அந்தத் துண்டை பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனான்.

கார் திங்கள்நகர் வெல்டரிடம் போயிற்று. அவர் சொன்ன ஆறு மாதம் ஒன்பது மாதமாயிற்று. இப்போது எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறது. வடசேரி வரைக்கும் அதில்தான் போய்வருகிறேன். பார்க்கிறவர்கள் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பின்சீட்டில் மட்டும் யாரையும் ஏற்றுவதில்லை. கேட்டால் ஸ்டெப்னி வைத்திருக்கிறேன், சாமான் வைத்திருக்கிறேன் என்று எதையாவது சொல்லிவிடுவேன்.

தங்கைக்குப் பெண் குழந்தை. மூன்று வயதாகிறது. போன கோயில் திருவிழாவுக்கு நான் காரில் போயிருந்தேன். கூட்டத்துக்கு நடுவிலிருந்து அந்தப் பிள்ளை ஓடி வந்து கதவுப்பிடியில் தொங்கிக்கொண்டு, ஏற வேண்டும் என்று அடம்பிடித்தது. பின்னாலேயே கூட்டாளி வந்தான். “சொகமா?” என்று கேட்டான். சுகம் என்றேன். அவன் குனிந்து, பிடியிலிருந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

“வா மோளே, மாமன் ஒன்ன ராட்டினத்துல ஏத்துகேன்.”

அது என்னைப் பார்த்துக் கை நீட்டி அழுதுகொண்டே போயிற்று. நான் கூப்பிடவில்லை.