எங்கள் மிளகை நாங்களே களவெடுத்த கதை

ஊரார் ஒதுக்கிவைத்த நாலைந்து பேர் ஒன்றுசேர்ந்து, மந்திரக் காவல் போட்ட கோட்டைக்குள் புகுந்து களவெடுக்கிற நாவல்கள் என்றால் எனக்கு உயிர். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள் நான். களவு கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கள்ளர்கள் தப்பிக்க வேண்டுமே என்று சாமியைக் கும்பிடுகிறேன். இது என்ன புத்தி என்று எனக்கே விளங்கவில்லை.

படித்ததை என் நாத்தனாருக்குத் தமிழில் சொல்வேன். புருஷனை விட்டுவிட்டு எங்களோடு வந்திருப்பவள் அவள். நிழல் இல்லாததால் ஊர் விரட்டிய ஒருத்தி ஒரு கதையில் வருகிறாள். அவள்மேல் இவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

“அண்ணி, இவ களவாணிதானே? மாட்டிக்கிட்டா நாம ஏன் அழுவுறோம்?”

“பேசாம கேளு” என்பேன். பதில் தெரிந்தால்தானே சொல்ல.

மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கம் எங்கள் காணியில் மிளகு நட்டவள் அவள்தான். வந்த கையோடு நட்டது, இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. ‘அண்ணன் சோத்தில் உட்கார்ந்திருக்கிறாள்’ என்று பேசிய வாய்களுக்கு முன்னால், தன் கையால் விளைந்ததைத் தானே விற்றுக் காட்ட வேண்டும் என்று கிடந்தாள்.

எங்கள் பக்கம் மிளகைப் பழுக்க விட்டால் கள்ளன் முந்திக்கொள்வான். அதனால் சொந்தக்காரரே பச்சையாகப் பறித்துவிடுவோம், அதுவும் அக்கம்பக்கத்துக்கு மூச்சுக் காட்டாமல். என் வீட்டுக்காரருக்குத் தம்புள்ளையில் மரக்கறிக் கடையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் பறித்து, மூட்டையை வாழையிலையால் மூடி, ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோக்காரர் யூனியன் சண்டையில் தோட்டத்து வேலை போன மனிதர். கதையில் வருகிற கூட்டம் நாங்களேதான் என்று மாத்தளை டவுன் வரைக்கும் எனக்குச் சிரிப்பு.

மிளகுக் கடை முதலாளி ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“யாரு காணி மிளகு தங்கச்சி? வீட்டு ஆம்பளைங்க வரலியா?”

களவு மிளகும் பச்சை, எங்கள் மிளகும் பச்சை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்கள் மடியில் இருந்தது எங்கள் கனம்தான், ஆனாலும் எனக்குப் பயம் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அவரிடம்தான் விற்பவர். எங்கள் காணி எது என்று சொன்னதும், முதலாளி அந்த அக்காவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“அவங்க இன்னும் பறிக்கலியே மொதலாளி. பறிச்சா எனக்குத் தெரியாதா? இருங்க, பாத்துட்டு சொல்றேன்.”

நாத்தனார் முகம் கறுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் போனில் ஒரே கூச்சல்.

“ஐயோ, கொடியில ஒண்ணுகூட இல்லியே! அம்புட்டையும் களவெடுத்துட்டாங்க! பாவம், அந்தப் புள்ள கஷ்டப்பட்டு நட்டது. வந்தவங்கள விட்டுறாதீங்க மொதலாளி!”

களவு கொடுத்தவளுக்காக அழுகிற அக்கா, களவெடுத்தவளைப் பிடிக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒருத்திதான். கள்ளனுக்குப் பயந்து நாங்கள் ஒளித்த ஒளிப்பில் எங்களுக்குச் சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

நாத்தனார் போனுக்குப் பக்கத்தில் போனாள்.

“நட்டதும் நான்தான், களவெடுத்ததும் நான்தான் அக்கா. மொதலாளிய நிறுக்கச் சொல்லுங்க.”

“அடிப்பாவி, நீயா? எனக்குக்கூடச் சொல்லலியே!”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு மூட்டையைத் தராசில் ஏற்றினார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கதைகளில் நான் யார் பக்கம் நின்றேன், இங்கே யார் பக்கம் நிற்கிறேன் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

பில் போட உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார். “யாரு பேர்ல போடுறது? அண்ணன் பேரா, இவங்க வீட்டுக்காரர் பேரா?”

நான் வாய் திறப்பதற்குள் அவள், “என் பேர்ல போடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் அவளிடம் பெயர் கேட்டார். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.